சீகிரியா ஓவியமும் ஊனை ஊடுருவும் ஒளியும்

மாத்தளை மாவட்டத்துச் சீகிரியாக் குன்றின் மேற்கு முகத்தில், நிலத்தினின்று மிக உயர்ந்ததொரு பாறைக் குடைவில், காசியப்பன் காலத்து (கி. பி. 477–495) ஓவிய மங்கையர் இன்றும் நிற்கின்றனர். சுழற்படியேறி அவர்களைக் கண்டு மீண்ட மாணவர் நம்மிடையே பலர். அழகைக் கண்டு வருவோர் எல்லோரும். திருத்தத்தைக் கண்டு வருவோர் சிலரே. அம்மங்கையருள் ஒருத்திக்குக் கைகள் மூன்று; இன்னொருத்தியின் மார்பிலே முலைக்காம்புகள் மூன்று. ஓவியன் முதலில் ஓரிடத்தில் வரைந்து, மனம் நிறையாது, அதனை வண்ணத்தால் மறைத்து வேறிடத்தில் வரைந்தான் என்றும், காலப்போக்கில் மேற்பூச்சுத் தேய மறைத்தது வெளிவந்தது என்றும் கொள்வர்.

மேற்பூச்சுத் தேயாத ஓவியங்களில் இத்தகைய திருத்தங்களைக் காண ஒரு வழியுண்டு. கண்ணுக்குப் புலனாகும் சிவப்பிற்கு அப்பால் உள்ள செந்நிறக் கீழ்க்கதிர் (தமிழகத்தார் இதனை அகச்சிவப்பு என்பர்) பல வண்ணப் பூச்சுகளினூடே செல்லவல்லது. 1960களின் இறுதியில் ஒல்லாந்து அறிஞர் வான் அஸ்பெரன் டி பூர் என்பார் இக்கதிரைக் கொண்டு ஐரோப்பியப் பழைய ஓவியங்களின் அடியில் மறைந்திருந்த முதற்கோடுகளைக் கண்டறியும் முறையை வகுத்தார். ஆயினும் ஒன்றை இங்கே கருத்தில் இருத்துதல் வேண்டும். அம்முறையில் கரியால் இட்ட கோடு கறுத்துத் தெரியும்; காவியால் இட்ட கோடு மங்கிப்போம் அல்லது தெரியாதே போம். கரி அக்கதிரை விழுங்குகிறது. காவி அவ்வாறு விழுங்குவதில்லை. எனவே இவ்வொளி காட்டுவது மறைந்திருப்பவற்றையெல்லாம் அன்று. தன்னை விழுங்குவதை மட்டுமே. இவ்வொரு விதியைக் கைக்கொண்டால் பின்வருவன அனைத்தும் எளிதில் விளங்கும்.

ஏனெனில், ஓவியத்தில் எழுதிய மார்பகத்தை விட்டு உயிருள்ள மார்பகத்திற்கு வந்தாலும் அதே கதிர், அதே விதி. இலங்கைப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. அதனைக் காலத்தோடு கண்டால் குணப்படுத்தும் வாய்ப்புப் பெரிது. காலந்தாழ்த்திக் கண்டால் சிறிது. இந்நிலையில், எக்சுக்கதிர் வேண்டாம், அழுத்தம் வேண்டாம், வலியில்லை, வெறும் ஒளியே போதும் என்று சொல்லும் கருவிகள் உலகச் சந்தையில் வந்துள்ளன. அவற்றுள் மெய் எவ்வளவு, விளம்பரம் எவ்வளவு என்பதை பௌதிகவியலின் துணைகொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

மாணவர் இருட்டறையொன்றில் ஒரு சிறு பரிசோதனை செய்து பார்க்கலாம். மின்சூள் என்று நூல்கள் கூறும் ரோச் விளக்கை உள்ளங்கையோடு சேர்த்துப் பிடித்து ஒளிரச் செய்க. விளக்கொளி வெண்மையாயினும் கையின் புறத்தே சிவப்பு ஒளியே வரும். நீலமும் பச்சையும் குருதியில் உள்ள ஈமோகுளோபினால் விழுங்கப்பட்டுவிட்டன. சிவப்புத் தப்பி வந்தது. இது முதற்பாடம். இரண்டாவது பாடம் அதனினும் நுட்பமானது. விரல்களில் எலும்பு இருந்தும் எலும்பின் நிழல் தெரிவதில்லை. விரல் முழுவதும் தழற்கட்டி போல ஒரே சீராக ஒளிர்கிறது. எக்சுக்கதிர்ப் படத்தில் எலும்பு துலங்கித் தெரிய, இங்கே தெரியாததேன்? எக்சுக்கதிர் பெரும்பாலும் நேரே செல்கிறது. ஒளியோ ஊனுட் புகுந்த சில மில்லிமீற்றருக்குள் தான் வந்த திசையை மறந்துவிடுகிறது. உயிரணுக்களிலும் நார்களிலும் மோதி மோதிச் சிதறி, எங்கெங்கோ அலைந்து, எஞ்சியதே வெளியே வருகிறது. புகுந்தது, வந்தது, எவ்வழியே வந்தது என்று சொல்ல அதற்குத் தெரியாது.

சிவப்பிற்கு அப்பால் சென்றால் நிலைமை இன்னும் வசதியாகிறது. 1800ஆம் ஆண்டிலே வில்லியம் ஏர்செல் என்னும் வானியலார் அரியத்தாற் பிரித்த ஞாயிற்றொளியில், சிவப்பிற்கு வெளியே, கண்ணுக்கு ஒன்றுந் தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானி ஏறக் கண்டு இக்கதிரைக் கண்டுபிடித்தார். அதில் சிவப்பிற்கு அடுத்துள்ள பகுதி, ஏறத்தாழ 650 முதல் 950 நானோமீற்றர் வரை, உடலுக்கு ஒரு சாளரம் போன்றது. அதற்குக் குறைந்த அலைநீளங்களைக் குருதி விழுங்கும். கூடிய அலைநீளங்களை நீர் விழுங்கும். இடைப்பட்ட சாளரத்தினூடே சில சென்ரிமீற்றர் தடிப்புள்ள இழையத்தையும் ஒளி கடந்துவிடும். தொலைக்காட்சி ரிமோட்டின் நுனி உமிழ்வது இக்கதிரே. கைத்தொலைபேசியின் கமராவால் அதனை நோக்கினால், கண்ணுக்குத் தெரியாத ஒளிப்புள்ளி திரையில் மின்னுவதைப் பெரும்பாலும் காணலாம்.

சீகிரியா மங்கையர் யாவர் என்பது பற்றி அறிஞரிடையே பழைய வழக்கொன்று உண்டு. பெல் துரையவர்கள் அரண்மனைப் பெண்டிர் என்றார். ஆனந்த குமாரசுவாமி அவர்கள் அரம்பையர் என்றார். பரணவிதான அவர்களோ மின்னற் கன்னியரும் முகிற் கன்னியரும் என்றார். வழக்கின் தீர்ப்பு எவ்வாறாயினும், மூன்றாமவர் சொன்ன உவமை நம் பொருளுக்கு வாய்ப்பானது. முகிலினுள் மின்னல் பிறக்கும்போது நாம் காண்பது மின்னற் கோட்டையன்று. முகில் முழுதும் ஒளிர்வதையே. உள்ளே எவ்விடத்தில் மின்னிற்று என்று வெளியே நின்று கணிப்பதெவ்வாறு? மார்பகத்தை ஒளியால் ஆராய்வோனுக்கும் இதே கேள்வி.

இக்கேள்விக்கு விடைதேடியோர் முதலில் வைத்தியர் அல்லர், வானியலார். 1905இல் ஆதர் சூஸ்ரர் மூடுபனி போன்ற வளிமண்டலத்தினூடே ஒளி செல்வதைக் கணித்தார். 1941இல் அமெரிக்காவின் யேர்க்ஸ் வானாய்வகத்தில் கென்யி, கிறீன்ஸ்ரைன் என்னும் இருவர் விண்மீன்களுக்கிடையே உள்ள தூசு ஒளியை எத்திசையில் எவ்வளவு சிதறும் என்பதற்கு ஒரு வாய்பாடு தந்தனர். அதே ஆய்வகத்தில் 1937 முதற் பணியாற்றிய சுப்பிரமணியன் சந்திரசேகர் அவர்கள், சிதறியும் விழுங்கப்பட்டும் செல்லும் ஒளியின் கணக்கு முழுவதையும் 1950இல் ‘கதிர்வீச்சுக் கடத்தல்’ பற்றிய தம் பெருநூலில் நிலைநாட்டினார். விண்மீன் வளிமண்டலத்திற்காக எழுந்த அச்சமன்பாடே இன்று மனித இழையத்தில் ஒளி செல்லும் வழியைக் கணிக்கும் அடிப்படை. தூசுக்காக எழுந்த அவ்வாய்பாடே ஊனுக்கும் வழங்குகிறது. சந்திரசேகர் அவர்கள் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் 1922 முதல் 1925 வரை கற்றவர் என்பதை ஓர் இந்துக் கல்லூரியின் இதழில் குறித்துவைத்தல் பொருந்தும். 1983இல் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது விண்மீன்களின் அமைப்பும் படிவளர்ச்சியும் பற்றிய ஆய்வுகளுக்காக. மார்பகப் பரிசோதனை அவர் நினைவில் இருந்திராது. அறிவு எங்கே விதைக்கப்பட்டு எங்கே முளைக்கும் என்பதை விதைப்பவன் அறிவதில்லை.

கணக்கு ஒருபுறம் இருக்க, கருவி வேறொரு வழியால் வந்தது. 1929இல் மக்ஸ் கட்லர் என்னும் அமெரிக்க அறுவை வைத்தியர் இருட்டறையில் மார்பகத்தின் அடியில் விளக்கை வைத்து மேலே தோன்றும் ஒளியை நோக்கினார். நீர்க்கட்டி ஒளியை விட்டது. திண்ணிய கட்டி மறித்தது. குருதி கட்டிய இடம் கரியதாயிற்று. கரியதாகத் தெரிவதெல்லாம் புற்றாகாது என்பதும் அவருக்கு விளங்கிற்று. அக்காலத்து விளக்கின் வெப்பம் பெரிய இடையூறு. தோலைச் சுடாமல் வேண்டிய ஒளியைப் பெற முடியவில்லை. 1972இல் பிரான்சின் குரோ குழுவினர் குளிரூட்டிய விளக்கோடு இம்முறையைப் புதுப்பித்தனர். பின்னர் சுவீடனிலும் அமெரிக்காவிலும் செந்நிறக் கீழ்க்கதிரை உணரும் படச்சுருளும் தொலைக்காட்சிக் கமராவும் சேர்ந்தன. 1980களில் இது பெருநம்பிக்கையோடு பேசப்பட்டது. நம்பிக்கை நெடுநாள் நிலைக்கவில்லை. 1990இல் வெளியான சுவீடன் நாட்டுப் பன்மைய ஆய்வு உட்பட, எக்சுக்கதிர் மார்பகப் படத்தோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் ஒளிமுறை பின்தங்கிற்று. எக்சுக்கதிர் கண்ட சிறு புற்றுகளை ஒளி காணாது விட்டது. புற்றில்லாதவரிடத்தே ஐயத்தையும் எழுப்பிற்று. முகிலுள் மின்னலைத் தேடிய கதையே.

தோல்வியின் காரணத்தை ஆராய்ந்தோர், கேட்ட கேள்வியே தவறு என்று கண்டனர். ஒளியிடம் உருவத்தைக் கேட்டோம். அதற்கு உருவம் தெரியாது. எது தன்னை விழுங்கிற்று என்று கேட்டால் நன்றாகச் சொல்லும். 1977இல் பிரான்ஸ் யொப்சிஸ் என்பார், செந்நிறக் கீழ்க்கதிர் மூளையையும் இதயத்தையும் ஊடுருவி அங்குள்ள ஒட்சிசன் நிலையைக் காட்டும் என்று நிறுவினார். அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே யப்பானில் தக்குவோ அவோயாகி விரல்நுனியில் ஒளிசெலுத்திக் குருதியின் ஒட்சிசனை அளக்கும் கருவிக்கு அடிகோலியிருந்தார். கொரோனாக் காலத்தில் வீடுதோறும் விரலில் மாட்டிப் பார்த்த சிறு கருவி அதன் வழிவந்ததே. ஒட்சிசன் ஏற்ற ஈமோகுளோபினும் ஏலாத ஈமோகுளோபினும் ஏறத்தாழ 800 நானோமீற்றரில் ஒளியை ஒரே அளவாக விழுங்கும். அதற்குக் கீழே ஏலாததும், மேலே ஏற்றதும் கூடுதலாக விழுங்கும். ஆகவே இரு நிறங்களில் அளந்தால் இரு சமன்பாடுகள். தெரியாக் கணியங்களும் இரண்டு. சாதாரண தர மாணவன் தீர்க்கும் ஒருங்கமை சமன்பாடே. 930 அளவில் கொழுப்பையும் 970 அளவில் நீரையும் சேர்த்தளந்தால் நான்கு கணியங்கள் கிடைக்கும்.

இந்நான்கும் புற்றைப்பற்றி ஏதேனும் கூறுமா? கூறும். வளரும் கட்டி தனக்கென்று புதுக் குருதிக் கலன்களைத் தோற்றுவித்துக்கொள்கிறது என்னும் கருத்தை யூதா போக்மன் 1971இல் முன்வைத்தார். கலன் பெருகினால் ஈமோகுளோபின் பெருகும். கட்டியின் பசி மிகுந்தால் ஒட்சிசன் குறையும். உயிரணு நெருங்கினால் நீர் மிகுந்து கொழுப்புக் குறையும். புற்றுக்கட்டியில் ஈமோகுளோபின் சூழவுள்ள இழையத்தினும் ஏறத்தாழ இரு மடங்கு வரை காணப்படுவதைப் பல ஆய்வுக்கூடங்கள் கண்டன. அமெரிக்காவில் பிரிட்டன் சான்ஸ் அவர்களின் பென்சில்வேனியாக் குழு, டாட்மத் கல்லூரிக் குழு, புறூஸ் றொம்பேக் அவர்களின் கலிபோர்ணியாக் குழு ஆகியன இத்துறையிற் குறிப்பிடத்தக்கன. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஆர். எம். வாசு முதலியோர் இதன் கணிப்பு முறைகளில் உழைத்தனர்.

கருவி செய்வது இதுவே: மார்பகத்தைச் சூழப் பல இடங்களில் மெல்லிய ஒளிநார்களால் லேசர் ஒளியைச் செலுத்தி, வேறு பல இடங்களில் அதனைப் பெற்று, எவ்வளவு குறைந்தது என்பதோடு எவ்வளவு தாமதித்து வந்தது என்பதையும் அளக்கிறது. நேரே வந்திருந்தால் ஆறு சென்ரிமீற்றரை ஊனினூடு கடக்க ஒரு செக்கனை நூறு கோடியாகப் பகுத்த கூறொன்றில் மூன்றிலொரு பங்கும் வேண்டியதில்லை. அலைந்து வருவதால் அதன் பன்மடங்கு ஆகிறது. அத்தாமதத்திலிருந்து சிதறலை வேறாகவும் விழுங்கலை வேறாகவும் கணினி பிரித்தெடுத்து ஒரு படம் வரையும். படம் என்றாலும் அது மங்கல். ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றருக்குக் குறைந்தவற்றை அதில் உறுதியாகக் காண்டல் அரிது. எக்சுக்கதிர்ப் படமோ ஒரு மில்லிமீற்றரினும் நுண்ணிய சுண்ணப் புள்ளிகளைக் காட்டும். கையால் உணரமுடியாத தொடக்கநிலைப் புற்றுகள் சில அப்புள்ளிகளாலேயே வெளிப்படும். எனவே நோயில்லாதார் கூட்டத்தில் நோயுள்ளாரைத் தேடிப்பிடிக்கும் வேலைக்கு இவ்வொளி இன்றளவும் ஏற்றதன்று என்பதே என் முடிபு. இளம்பெண்களின் அடர்ந்த மார்பகத்தில் எக்சுக்கதிர் தடுமாறுவது உண்மை. ஆயினும் அங்கே கைகொடுப்பது கழியொலிப் பரிசோதனை, அஃதாவது நாம் ஸ்கான் என்று வழங்குவது. அது எங்கும் கிடைப்பது, பழகியது.

பின் இவ்வொளிக்கு உரிய இடம் எது? நோய் இன்னதென்று தெரிந்தபின், மருந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பதில் அது பயன்படக்கூடும். அறுவைக்கு முன் மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்கும் வழக்கம் உண்டு. மருந்து பலிக்காத பெண்ணுக்கு அது மாதக்கணக்கான வீண் துன்பம். பலிக்கவில்லை என்று முன்னரே தெரிந்தால் வேறு மருந்துக்கு மாறலாம். கட்டியின் பருமன் குறையுமுன் அதன் குருதியும் நீரும் மாறும் என்பதே எதிர்பார்ப்பு. 2016இல் வெளிவந்த அமெரிக்கப் பன்மைய ஆய்வொன்று 60 பெண்களைச் சேர்த்துத் தொடங்கிற்று. கணிப்புக்கு ஏற்ற அளவீடு 34 பேரிடமே கிடைத்தது. மருந்தின் இடைக்காலத்தில் ஒளி காட்டிய மாற்றத்திற்கும், பின்னர் அறுவையில் புற்று எஞ்சாதிருந்தமைக்கும் தொடர்பு காணப்பட்டது. முப்பத்துநால்வர் என்பது சிறு தொகை; வழி சரி என்று சொல்லப் போதும், ஊர் வந்துவிட்டது என்று சொல்லப் போதாது.

இன்னொரு வழி, ஒளியைச் செலுத்தி ஒலியைக் கேட்பது. துடிப்பாக வரும் லேசர் ஒளியைக் குருதி விழுங்கிச் சிறிதளவு சூடேறி விரியும்; அவ்விரிவு ஒலியாக வெளிப்படும். ஒளியால் ஒலி பிறப்பதை 1880இலேயே அலெக்சாண்டர் கிரகம் பெல் கண்டிருந்தார். ஒலி ஊனில் ஒளியைப்போற் சிதறுவதில்லை. ஆகவே எங்கிருந்து வந்தது என்று சொல்லலாம். மறந்துபோன வழியை ஒலி நினைவூட்டுகிறது என்க. 757, 1064 நானோமீற்றர் என்னும் இரு நிறங்களையும் கழியொலியையும் இணைத்த இத்தகைய கருவியொன்றிற்கு அமெரிக்க மருந்து நிருவாகம் 2021 ஜனவரியில் அனுமதி வழங்கிற்று. அதுவும் முன்பே கண்ட கட்டியின் தன்மையை அறியத் துணைசெய்யவே, எக்சுக்கதிருக்கு மாற்றாகவன்று.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். உடலின் வெப்பத்தைப் படம்பிடிக்கும் வெப்பக் கமராவும் செந்நிறக் கீழ்க்கதிர்க் கருவி என்றே விற்கப்படுகிறது. அது வேறு, இது வேறு. வெப்பக் கமரா உடலுக்குள் எதனையும் செலுத்துவதில்லை; தோல் தானாக உமிழும், பத்தாயிரம் நானோமீற்றர் அளவினதான நீண்ட கதிரைப் பெறுகிறது. அது காண்பது தோலின் வெப்பத்தை, ஆழத்தையன்று. அதனை மார்பக எக்சுக்கதிர்ப் படத்திற்கு மாற்றாகக் கொள்ளற்க என்று அமெரிக்க மருந்து நிருவாகம் 2011இலும் அதன் பின்னரும் எச்சரித்துள்ளது. வீட்டிலேயே மார்பகத்தின் அடியில் வைத்துப் பார்க்கும் செவ்வொளி விளக்குகளும் விற்பனையாகின்றன. அவை கட்லர் 1929இல் செய்ததற்கு மேலாக அதிகம் செய்வனவல்ல. தீங்கு விளக்கிலன்று, விளக்கில் ஒன்றும் தெரியவில்லை என்று ஒரு தாய் ஆறுமாதம் வாளாவிருந்துவிடுவதிலேதான். நம்மவர்க்கு வேறொரு கவனமும் வேண்டும். தோலின் மெலனினும் ஒளியை விழுங்கும். விரல்நுனிக் கருவி கருந்தோலாரிடத்தே ஒட்சிசனைக் கூட்டிக்காட்டுவதை 2020இல் அமெரிக்க ஆய்வொன்று வெளிப்படுத்திற்று. வெண்தோலாரிடத்தே அளவுதிருத்திய எந்த ஒளிக்கருவியையும் நம் பெண்களிடத்தே அவ்வாறே நம்புதல் ஆகாது.

சீகிரியாவைச் சூழ்ந்த தம்புள்ளைப் பகுதிச் சிற்றூரொன்றில் ஒரு பெண்ணுக்கு மார்பில் கட்டி தென்பட்டால் அவள் முதலில் நாடக்கூடியது லேசர் கருவியையன்று, ஊர் மருத்துவமாதினை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் 1996 முதல் நடைபெற்றுவரும் சுகவனிதையர் நிலையங்களில் முப்பத்தைந்து வயதடைந்த பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை இலவசமாகச் செய்யப்படுகிறது. அங்கே ஐயம் எழுந்தால் கண்டிக்கோ மகரகமவுக்கோ, வடக்கிலாயின் 2013இல் திறந்த தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கோ செல்ல வழியுண்டு. கட்டிகளிற் பெரும்பாலானவை புற்றல்ல. எது புற்று என்பதை ஊசியால் இழையம் எடுத்து நுணுக்குக்காட்டியில் நோக்கியே முடிவு செய்வர். கட்டி, தோல் குழிதல், காம்பு உள்வாங்கல், காம்பினின்று குருதி கசிதல், அக்குளில் திரளை ஆகிய இவற்றுள் ஒன்று கண்டாலும் அவ்வாரமே செல்லவேண்டும். ஆண்களுக்கும் இந்நோய் அரிதாக வருவதுண்டு.

செல்வதைத் தடுப்பது பெரும்பாலும் தூரமன்று, கூச்சம். சீகிரியாவின் கண்ணாடிச் சுவரில் எட்டாம் நூற்றாண்டு முதற் பத்தாம் நூற்றாண்டு வரை வந்தோர் பலர் அவ்வோவிய மங்கையரைப் பாடிக் கீறிவைத்தனர். அவற்றுள் 685 பாட்டுகளைப் பரணவிதான அவர்கள் 1956இல் பதிப்பித்தார். சுவரில் எழுதிய மார்பகத்தைப்பற்றி ஆயிரமாண்டாக வாய்திறந்து பேசியிருக்கிறோம். தாயின் மார்பில் ஒரு கட்டி என்றால் மகன் வாய் அடைத்துப்போகிறது. ஆண்கள் மட்டுமே கற்ற கல்லூரிகளில் இது பாடமாக இருந்ததில்லை, இருந்திருக்கலாம்.

யூபிலி ஆண்டுகளில் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் உள்ள பழைய மாணவர் பணந்திரட்டித் தாயக வைத்தியசாலைக்கு ஓர் இயந்திரம் அனுப்ப விரும்புவது நல்வழக்கம். அவர்கள் விலைப்பட்டியலைக் காணுமுன், அதனை இயக்கும் கதிர்ப்படப்பிடிப்பாளர் எத்தனை பேர், படத்தை வாசிக்கும் வைத்திய நிபுணர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், ஊசியால் எடுத்த இழையத்தை நோக்கும் நோயியல் நிபுணரின் விடை எத்தனை நாளில் வருகிறது, பழுதானால் யார் திருத்துவர் என்று அவ்வைத்தியசாலையிடமே கேட்கவேண்டும். பெரும்பாலும் அங்கே குறைவது இயந்திரமாயிராது. ஒளிக்கருவியே வாங்கவேண்டும் என்று ஆர்வம் மிகுந்தோர் அதனைக் கல்லூரிப் பௌதிகவியற் கூடத்திற்கு வாங்கித் தரலாம். இரு நிறச் சிறு லேசர், ஓர் உணரி, ஒரு கணினி போதும். ஊனுக்குப் பதிலாகப் பாலோடு சிறிது கறுப்பு மை கலந்த கரைசலை வைத்து மாணவர் அளக்கலாம்: பால் சிதறச் செய்யும், மை விழுங்கும். உலகின் பெரிய ஆய்வுக்கூடங்களிலும் போலி இழையம் என்று வைப்பது கொழுப்புக் குழம்பும் மையும் கலந்த இத்தகைய கரைசலே.